வெளிச்சத்துக்குள் ஒரு ஓட்டை

டார்ச்சை மறுபடியும் சுவரில் அடித்துப் பார்த்தேன், ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. வெளியே ஒரு வெள்ளை வளையம், அதற்குள் மங்கலாக ஒரு மஞ்சள் வளையம், நட்டநடுவில் வெளிச்சமே இல்லாமல் ஒரு வட்டம், உளுந்துவடை மாதிரி. இந்த டார்ச்சை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. ஏழு மாதமும் இந்த ஓட்டை இருந்திருக்கிறது, பேச்சி ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம், ஏங்க, இது நடுவுல இருட்டா இருக்குங்க என்று ஒரு வார்த்தை. நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன். தேயிலை ஃபேக்டரியில் பதினாறு வருஷமாக ஃபிட்டர், கொழுந்து உருட்டுகிற மெஷினையே பிரித்து மாட்டுகிறவன், இந்தச் சாண் நீள டார்ச் எனக்கு எம்மாத்திரம். கட்டின பெண்டாட்டி சொல்லவில்லை. அதற்குப் பதில் வேறொன்றைச் சொன்னாள். போன வாரத்துக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை, வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்த்துக்கூட இல்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "சகாயம் லைட் அடிச்சாருங்க, பட்டப்பகல் மாதிரி இருந்துச்சு. நம்ம டார்ச்ச ஆன் பண்ணவே இல்ல."

ஆன் பண்ணவே இல்ல. இதில் என்ன தப்பு இருக்கிறது? ஒன்றுமில்லை, அன்றைக்கே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஒன்றுமில்லை. சகாயம் யானைக் காவலர். எங்கள் லைன் வீடுகளுக்கு நேர் மேலே ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே வந்து உட்கார்ந்து எதிர்ச்சரிவைப் பார்ப்பது அவர் வேலை, கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு டார்ச், அது எஸ்டேட் கொடுத்தது, அவர் சொந்தத் திறமையால் செய்தது ஒன்றும் இல்லை. எதிர்ச்சரிவுப் பாதையில் யார் வந்தாலும் வெளிச்சம் காட்டுவார். லைட் நிலையாக நின்றால் வழி காலி, நடக்கலாம். நடந்துகொண்டிருக்கும்போது பட்டென்று அணைந்தால் யானை கிட்டே வந்துவிட்டது, வெளிச்சம் பட்டால் அதற்குக் கோபம் வரும், அதனால் அணைத்தாயிற்று, நீயும் நின்ற இடத்தில் மூச்சுக் காட்டாமல் நில். ரெண்டு தடவை மின்னினால் அது போய்விட்டது, வா. இதைத் தெரியாத ஆள் இந்த எஸ்டேட்டில் கிடையாது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை வைத்து விளையாடவே செய்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் பொதுவான லைட். ஆனால் பேச்சிக்கு வேலை கீழ் டிவிஷன் குழந்தைக் காப்பகத்தில், கொழுந்து எடைபோட்டு முடிந்து கடைசித் தாய் தன் பிள்ளையை வாங்கிக்கொண்டு போகும்வரை இவள் கிளம்ப முடியாது, அந்தப் பெண்களுக்கெல்லாம் வீடும் அங்கேயே. ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறவள் அந்த நேரத்துக்கு இவள் ஒருத்திதான். அப்படியானால் பொது லைட் என்று எப்படிச் சொல்வது. ஒருத்திக்கு மட்டும் விழுகிற லைட் அது.

டார்ச்சின் தலையைத் திருகிக் கழற்றினேன். முன் கண்ணாடி, அது கண்ணாடியும் இல்லை, பிளாஸ்டிக், முழுக்கக் கீறல். பற்பசை வைத்துத் தேய்த்தால் தெளியும் என்று தெரியும், தேய்த்தேன், வட்டமாக, அவசரமில்லாமல், பேச்சியின் பழைய உள்பாவாடைத் துணியில். அதற்குக் கீழே வெள்ளிப்பூச்சுப் பூசின கிண்ணம். அதன் அடி ஓட்டையில் எல்.ஈ.டி., கடுகளவு மஞ்சள் பொட்டு. கிண்ணத்தைத் தொடக்கூடாது என்பது ஃபிட்டராக இருக்கிற எவனுக்கும் தெரியும், நான் தொட்டேன். கட்டைவிரல் ரேகை அப்படியே விழுந்தது. துடைத்தால் பூச்சு போகும், அதுவும் தெரியும், துடைத்தேன், போனது. வேலைக்கு நடுவில் மனம் வேறெங்கோ நின்றால் இப்படித்தான் ஆகும், ஃபேக்டரியில் இப்படி மனத்தை விட்டுவிட்டு நின்றிருந்தால் இன்றைக்கு விரலே இருந்திருக்காது. மனம் அண்ணன் என்ற வார்த்தையில் நிற்கிறது. அந்த அண்ணன் எங்கே போனது? தீபாவளிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, "சகாயம் அண்ணன் வீட்டுக்கு ரெண்டு அதிரசம் குடுத்துட்டு வரேங்க, பாவம் தனி ஆளு" என்றாள். சகாயம் அண்ணன். பெயருக்கும் மேலே ஒரு மரியாதை, ஒரு வேலி. தீபாவளி போய் மார்கழி பிறப்பதற்குள் சகாயம் லைட் அடிச்சாரு. வெறும் சகாயம். பெண்டாட்டி செத்து மூன்று வருஷம் ஆன, மீசையைச் சீராக வெட்டிக்கொள்கிற, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருக்கிற வெறும் சகாயம். ஒரு நாள் சோதித்துக்கூடப் பார்த்தேன், சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே யதார்த்தமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "உங்க சகாயம் அண்ணன் இன்னிக்கு வந்தாப்லயா?" அவள் சொன்னாள், "வந்தாரு." அவ்வளவுதான். நான் நீட்டின அண்ணனை அவள் வாங்கிக்கொள்ளவே இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் மூன்று நாள் தூங்கவில்லை, இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எல்.ஈ.டி. இருக்கிற தகட்டுக்கு அடியில் ஒரு அட்டை வளையம் கொடுத்துக் கொஞ்சம் மேலே தூக்கினால் ஓட்டை மூடும் என்று நினைத்தேன். தேயிலைப் பெட்டி அட்டையில் வளையம் வெட்டி வைத்துச் சுவரில் அடித்தேன், ஓட்டை பெரிதாகிவிட்டது. உளுந்துவடை வளையல் ஆகிவிட்டது. ஆக நேர்மாறாகச் செய்யவேண்டும், கிண்ணத்துக்கும் பொட்டுக்கும் இடைவெளி கூடவேண்டும் போலிருக்கிறது. அட்டை வளையத்தை எடுத்துக் கிண்ணத்தின் கழுத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்தேன். அடித்தேன். ஓட்டை ஒரு நெல்லிக்காய் அளவு சுருங்கியது. ஆகா என்று எனக்கே ஒரு சந்தோஷம். இதை அவள் பார்க்கவேண்டும். ஒன்றும் பேசாமல் கையில் கொடுத்துவிட்டு நிற்பேன், அவள் அடித்துப் பார்த்துவிட்டு, ஏங்க என்பாள், அந்த ஏங்கவில் கொஞ்சம் இழுவை இருக்கும், கல்யாணம் ஆன புதிதில் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு காட்டும்போது இருந்த இழுவை. காலையில் அப்படி இல்லை. காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "டார்ச்ச வச்சிட்டுப் போ, சரி பண்ணி வைக்கிறேன்" என்றேன். "அதுக்கு என்ன, நல்லாத்தான எரியுது" என்றாள். நடுவுல ஓட்டை இருக்கே என்றேன். ஏதோ நான் இல்லாத ஒன்றைச் சொன்னதுபோலப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். "சரி, வச்சுக்கோங்க. அங்கதான் லைட் இருக்குமே." அங்கதான். எங்கே? அந்த அங்கே ஃபேக்டரிக்குள் என்னோடு வந்தது, கொழுந்து உருட்டும் அறையில் பச்சை வாடை, உருளைச் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் அங்கதான் லைட் இருக்குமே, அங்கதான் லைட் இருக்குமே என்று மெஷினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது. மதியம் ரெண்டு மணிக்கு ஷிப்டு விட்டதும் சோறுகூடச் சரியாகத் தின்னாமல் இதைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இன்னும் ஒரு அட்டை வளையம் வைத்தேன். அதிகமாகிவிட்டது, வெளிச்சம் கலைந்தது. அதை எடுத்துவிட்டு சிகரெட் அட்டை, அது மெலிசு. இப்போது சரியாக வந்தது, நெல்லிக்காய் மிளகானது, மிளகு மறைந்தது. சுவரில் ஒரே ஒரு வட்டம், சாப்பாட்டுத் தட்டு அளவு, வெள்ளை வெளேர் என்று, விளிம்பு வெட்டின மாதிரி. வளையம் இல்லை, மஞ்சள் இல்லை. ஆனால் செல் கொஞ்சம் தளர்ந்து போயிருந்தது. இரண்டு பேனா செல். டி.வி. ரிமோட்டிலிருந்து ஒன்றை உருவினேன், அது பரவாயில்லை. இன்னொன்று வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் போன மாதம்தான் புதிது போட்டேன். எடுத்துவிட்டேன், கடிகாரம் ஐந்து ஐந்துக்கு நின்றது. டார்ச்சுக்குள் இரண்டையும் போட்டு மூடி அடித்தால் சுவர் சுட்டதுபோல இருந்தது. ஜன்னல் வழியாக வெளியே இருக்கும் சில்வர் ஓக் மரத்துக்கு அடித்தேன், பகல் வெளிச்சத்திலேயே மரப்பட்டையில் ஒரு வெள்ளைத் தட்டு தெரிந்தது. எவ்வளவு தூரம் போகும்? ஓடையைத் தாண்டுமா? எதிர்ச்சரிவைத் தொடுமா? தொடவேண்டும். அவள் அந்த வளைவில் திரும்பும்போது மேலே பாறையிலிருந்து விழுவதற்கு முன்னால் இது விழவேண்டும். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நாற்பத்திரண்டு வயதில், பொள்ளாச்சியில் ஹாஸ்டலில் பெண் பத்தாவது படிக்கும்போது, ஒரு ஆள் இன்னொரு ஆளோடு டார்ச் போட்டி போடுகிறான். ஆனால் அவன் எத்தனை நாளாக அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் கால் வைக்கிற இடமெல்லாம் அவன் கண். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக் கல்லில் தாண்டுவாளே, அதையும் வெளிச்சம் போட்டுத்தானே பார்க்கிறான். எனக்குத் தெரியாத ஒரு பேச்சியை அவன் தினமும் கால் மணி நேரம் பார்க்கிறான். நான் பார்க்கிறவள் களைத்துப்போய் அடுப்பைப் பார்த்துப் பேசுகிறவள்.

ஃபேக்டரிச் சங்கு ஊதியது, ஆறு. ஊதினபிறகுதான் கடிகாரம் நின்றது ஞாபகம் வந்தது, ஐந்து ஐந்து என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெளியே வந்தால் மூடுபனி இறங்கிவிட்டது. எதிர்ச்சரிவு சாம்பலாகத் தெரிந்தது, தேயிலை வரிசைகள் கலந்துபோய் ஒரே கறுப்பு. டார்ச் இல்லாமல் வருகிறாள். டார்ச் என் கையில். நியாயமாகப் பார்த்தால் நான் இப்படியே இறங்கி ஓடைவரை போய் அவளைக் கூட்டிக்கொண்டு வரலாம், பத்து நிமிஷம். அந்த யோசனை வந்தது, வராமலில்லை. ஆனால் நான் போய் நின்றால் அவள், என்ன இது அதிசயமா இருக்கு என்பாள், என்ன சொல்வேன். பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் போய் நின்றதில்லை. இன்றைக்குப் போனால் அது யாருக்காகப் போனதாக இருக்கும். அதோடு, கூடப்போனால் என் டார்ச் எவ்வளவு தூரம் அடிக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும். அதனால் வாசலிலேயே நின்றேன். தலைக்கு மேலே பாறையில் சத்தம் எதுவும் இல்லை, அவன் இன்னும் வரவில்லை, வந்திருந்தால் பீடி வாடை வரும். நல்லது என்று நினைத்தேன், இன்றைக்கு முதல் லைட் என்னுடையது.

அவள் வளைவில் தெரிந்தாள், தெரிந்தாள் என்றால் ஒரு அசைவு, சாம்பலுக்குள் கொஞ்சம் அடர்ந்த சாம்பல். பட்டனை அழுத்தினேன். வெளிச்சம் பனியைக் குத்திக்கொண்டு போனது, ஓடையைத் தாண்டியது, சரிவைத் தொட்டது. தொட்டுவிட்டது என்று வாய்விட்டே சொன்னேன். தட்டு அளவு போனது அங்கே ஒரு கதவு அளவாகி, நேராக அவள் மேல் நின்றது. நீலப் புடவை, கையில் டிபன் பை. வெளிச்சம் முகத்தில் பட்டதும் நின்றாள், ஒரு கையைக் கண்ணுக்கு மறைப்பாக வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுத்து மேலே தூக்கி ஆட்டினாள். பெரிதாக, இப்படியும் அப்படியும், பஸ்ஸில் போகிற ஆளுக்கு ஆட்டுவதுபோல. எனக்கு இல்லை, என் டார்ச் என்று அவளுக்கு எப்படித் தெரியும், பாறைக்கும் என் வாசலுக்கும் அங்கிருந்து பார்த்தால் வித்தியாசம் ஏது. அவனுக்கு. தினமும் அவனுக்குக் கை ஆட்டுகிறாள். அந்தக் கை எனக்கு இந்த வாசலில் என்றைக்காவது ஆட்டியதுண்டா. பொறாமை, பெயர் தெரிந்தேதான் வந்தது, இவ்வளவு நேரம் தேய்த்து வெட்டி ஒட்டி நான் செய்தது என்ன, அவன் வேலையை அவனுக்குப் பதிலாகச் செய்து அவனுக்குரிய கை ஆட்டலை எட்டி நின்று பார்த்ததுதான். எடுக்கிறேன் பார் என்று பட்டனை அழுத்தினேன். அணைத்துவிட்டேன்.

இருட்டு. சற்று முன்னால் இருந்த சாம்பல்கூட இல்லை, அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன், ஒரு திருப்தி மாதிரி கூட இருந்தது. பிறகுதான் காது கேட்டது, கேட்டது என்றால் கேட்காததைக் கேட்டது, அவள் வருகிற சத்தம் இல்லை. ஓடைக் கல்லில் செருப்புச் சத்தம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. ஏன் வரவில்லை. ஏன் வரும். லைட் அணைந்தால் நில். நான் அணைத்தேன், அவள் நிற்கிறாள். யானை பக்கத்தில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல், தேயிலைக்கு நடுவில், கையில் ஒரு டார்ச்கூட இல்லாமல், அதையும் நானே வாங்கி வைத்துக்கொண்டு. இந்த எஸ்டேட்டில் குழந்தைக்குக்கூடத் தெரிந்தது எனக்குத் தெரியாதா, தெரியும், ஆனால் என் கையில் இருக்கும்போது இதுவும் அந்தக் காவல் லைட்தான் என்று தோன்றவே இல்லை. கூப்பிடலாம் என்றால் கூப்பிடக்கூடாது, யானை நேரத்தில் யாரும் குரல் கொடுக்கமாட்டார்கள், நான் கத்தினால் இன்னும் பயப்படுவாள். ஒருவேளை நிஜமாகவே யானை இருந்தால்? பாறையில் ஆள் இல்லை, யார் பார்த்தது வழி காலி என்று, நான் பார்த்தேனா, நான் அவளைப் பார்த்தேன், அவள் கையைப் பார்த்தேன், சரிவைப் பார்க்கவே இல்லை. வியர்த்தது, மார்கழியில் வியர்த்தது. டார்ச்சை ஆன் செய்து முதலில் சரிவு முழுக்க ஓட்டினேன், மேலே, கீழே, ஓடைக்கரை, புதர், வேலி மரம், அந்த மெல்லிய வெளிச்சத்தால் ஒரு மலையைத் துழாவ எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா, ஒரு இடத்தைப் பார்த்தால் பக்கத்து இடம் இருட்டு. பெரிதாக எதுவும் இல்லை. அதன் பிறகு ரெண்டு தடவை மின்ன வைத்தேன். வா. அவள் அசையவில்லை. மறுபடியும் ரெண்டு. வா, வா பேச்சி. நிழல் மெதுவாகப் பிரிந்து நடக்கத் தொடங்கியது. கண்ணில் அடிக்காமல் காலடியில் அடித்தேன், ஆனால் வெளிச்சம் அவ்வளவு குறுகல், ஒரு அடி முன்னால் அடித்தால் கால் இருட்டில், காலில் அடித்தால் அடுத்த அடி இருட்டில். ஓட்டை இருந்த பழைய வெளிச்சம் பரந்து விழுமே, அது இதற்கு எவ்வளவோ தேவலை என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் ஒவ்வொரு அடிக்கும் நான் டார்ச்சை ஒரு விரல்கடை நகர்த்தினேன். ஓடைக் கல் ஒன்று, இரண்டு, மூன்று. கை வலித்தது, இறக்கவில்லை.

வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். புடவைக் கரை முழுக்க ஈரம், பல் கிட்டியிருந்தது. "லைட் அணைஞ்சுச்சுங்க" என்றாள். "யானைன்னு நின்னுட்டேன். பின்னாடி எதுவோ கிளைய ஒடிக்குது, பன்னியோ என்னவோ. திரும்பிப் பாக்கக்கூட முடியல. நம்ம புள்ள நெனப்புதான் வந்துச்சு." நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக் குடித்தாள், சொம்பு பல்லில் பட்டுச் சத்தம் கேட்டது. அப்போது தலைக்கு மேலே பாறையிலிருந்து அந்தப் பெரிய லைட் கிளம்பி, பரந்து, எதிர்ச்சரிவு முழுவதும் பால் ஊற்றினதுபோல விழுந்தது. ஆளில்லாத பாதையில் அங்கும் இங்கும் தேடியது. பேச்சி எழுந்து வாசலுக்குப் போய் மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணே, நான் வந்துட்டேண்ணே, வீட்லதான் இருக்கேன்."

"வந்துட்டியா தாயி" என்று மேலேயிருந்து குரல் வந்தது, மூச்சு வாங்கும் குரல். "மேல் ஓடைல ரெண்டு நின்னுச்சு, அதைத் திருப்பிவிட்டுட்டு இப்பத்தான் வரேன். உனக்கு லைட் காட்ட ஆள் இல்லையேன்னு ஓடியாரேன்."

"முன்னாடி லைட் வந்துச்சேண்ணே?"

"நான் இல்லையே."

அண்ணே. மூன்று தடவை. எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை, எண்ணத்தான் செய்தேன், ஆனால் அதில் கிடைக்கவேண்டிய நிம்மதி கிடைக்கவில்லை. அவள் உள்ளே வந்தாள். நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தாள், மூடி திறந்து கிடந்த ரிமோட்டைப் பார்த்தாள், மேஜையில் அட்டைத் துணுக்குகள், பற்பசை, பாவாடைத் துணி, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் கையிலிருந்த டார்ச்சை வாங்கினாள். இன்னும் சூடாக இருந்தது. சுவரில் அடித்தாள். வட்டம் நிறைந்து நின்றது.

"ஓட்டை போயிடுச்சே" என்றாள். குரலில் அந்த இழுவை இருந்தது, நான் மத்தியானம் முழுக்கக் காத்திருந்த அதே இழுவை. "அப்ப நீங்கதான் அடிச்சீங்களா? அங்கயிருந்து பாத்தா அண்ணன் லைட்டாட்டமே இருந்துச்சு, கையெல்லாம் ஆட்டினேன்." கொஞ்சம் சிரித்தாள். பிறகு ஏதோ கணக்கு இடித்தது போலிருக்கிறது, சிரிப்பு நின்று என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஏங்க அணைச்சீங்க?"

செல் போய்விட்டது என்று சொல்லலாம். கை தவறிப் பட்டனில் பட்டுவிட்டது என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள், அவள் அப்படித்தான். நீ கை ஆட்டினாய், அதனால் அணைத்தேன் என்பதை மட்டும் எந்த வாயால் சொல்வது. டார்ச்சை அணைக்காமல் சுவரிலேயே பிடித்துக்கொண்டு பேச்சி நின்றாள், நான் சொல்லப்போவதைக் கேட்க.